அடைத்த குழாயின் இந்தப் பக்கம்

மாவு கரிக்கிறது என்று முதலில் சொன்னவர் எதிர்வீட்டு அண்ணாச்சி. திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். ஆவடியில் பாதுகாப்புத் தொழிற்சாலையில் வேலை பார்த்து, ஓய்வு பெற்றதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு எங்கள் தெருவில் இடம் வாங்கி வீடு கட்டிக்கொண்டவர். ஒருநாள் காலையில், பிரித்த பாக்கெட்டை அப்படியே கொண்டுவந்து என் முகத்துக்கு நேராக நீட்டினார்.

"என்ன வே, கடல் தண்ணியிலயா மாவு ஆட்டுதீரு?"

நான் எட்டாவதோடு படிப்பை விட்டவன். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பிரஸ் பட்டறையில் தகடு அடித்தே இளமை போயிற்று. பட்டறையை மூடிய பிறகு வீட்டு முன்னறையில் ஒரு கிரைண்டரைப் போட்டு, நானும் மனைவியும் இட்லி மாவு அரைத்து விற்க ஆரம்பித்தோம். நான் அரைப்பேன். அவள் ஸ்கூட்டியில் கொண்டுபோய்க் கடைகளுக்கும் வீடுகளுக்கும் போடுவாள். ஆட்களோடு பேசுவது, சண்டை போடுவது, சமாதானமாவது எல்லாம் அவள் பாடு. எனக்குக் கிரைண்டரும் கவலையும்.

அன்றைக்கு உப்பைக் கொஞ்சம் குறைத்தேன். அடுத்த வாரம் பின்தெருவிலிருந்து அதே புகார். இன்னும் குறைத்தேன். பிறகு ஒருநாள் உப்பே போடாமல் அரைத்து, ஒரு தோசை வார்த்து வாயில் வைத்தேன். கரித்தது.

"உப்பு வாங்குற செலவு மிச்சம்யா" என்றாள் மனைவி. "இதுக்குப் போய் இன்னாத்துக்கு மூஞ்சிய இப்டி வெச்சுகினு கீற?"

அவளுக்கு அது சிரிப்பு. எனக்கு அப்படி ஒரு விஷயத்தை அதன் இடத்திலேயே விட்டுவிட்டு வரத் தெரியாது. போர் தண்ணீர் உப்பானால் மாவு கெடும், மாவு கெட்டால் வியாபாரம் போகும், வியாபாரம் போனால் வீட்டை விற்க வேண்டும், இந்த வீட்டை யார் வாங்குவார்கள் என்று அந்தத் தோசையை விழுங்குவதற்குள் கடைசிவரை போய்விட்டேன்.

யார் வாங்குவார்கள் என்று நான் கேட்டதற்குக் காரணம் இருக்கிறது. எங்கள் தெருவில் எங்கள் வீடு மட்டும் பள்ளத்தில் கிடக்கிறது. கட்டும்போது பள்ளத்தில் கட்டவில்லை. தெருதான் மேலே போய்விட்டது. ஒவ்வொரு முறை ரோடு போடும்போதும் பழைய ரோட்டைச் சுரண்டாமல் அதன் தலையிலேயே புதியதைப் போட்டுக்கொண்டு போனார்கள். முதலில் வாசற்படி மறைந்தது. பிறகு திண்டு. இப்போது தெருவிலிருந்து படி இறங்கித்தான் எங்கள் வீட்டுக்குள் வர வேண்டும். முன்னறை ஜன்னல் வழியாகப் பார்த்தால் போகிறவர்களின் கணுக்காலும் வண்டிச் சக்கரமும்தான் தெரியும். செருப்பை வைத்தே ஆட்களை அடையாளம் சொல்வேன். கடைகளில் எங்கள் மாவுக்குப் பெயரே "பள்ளத்து ஊட்டு மாவு".

மற்றவர்கள் எல்லாரும் வீட்டைத் தூக்கிக்கொண்டார்கள். ஜாக்கி வைத்துத் தூக்கும் ஆட்கள் வடக்கே எங்கிருந்தோ கூட்டமாக வருவார்கள். அடிச்சுவரைக் கொஞ்சம் கொஞ்சமாக உடைத்து வரிசையாக ஜாக்கிகளைச் சொருகுவார்கள். ஒருவன் விசில் அடிப்பான். எல்லாரும் ஒரே நேரத்தில் ஒரு சுற்று சுற்றுவார்கள். கண்ணுக்குத் தெரியாமல் வீடு ஏறும். அண்ணாச்சி தன் வீட்டைத் தூக்கும்போது உள்ளே நாற்காலியில் உட்கார்ந்து டீ குடித்தாராம். டம்ளர் அலுங்கவில்லையாம். யார் வீட்டுக்கு வந்தாலும் அந்த டீயைப் பற்றிச் சொல்லாமல் அனுப்ப மாட்டார். எனக்கோ அந்த ஜாக்கிகளைப் பார்த்ததிலிருந்தே ஒரே கேள்வி. ஒருத்தன் ஒரு சுற்று அதிகம் சுற்றிவிட்டால்? பணமும் இல்லை, தைரியமும் இல்லை. பணம் இல்லை என்று மட்டும் வெளியே சொல்லிக்கொண்டேன்.

மாவுக்குக் கேன் தண்ணீர் வாங்க ஆரம்பித்தோம். கேன் கம்பெனி எங்கள் தெருமுனை தாண்டி ஏரிக்கரையில்தான் இருந்தது. ஒருநாள் வண்டி வரவில்லை என்று நானே கேன் எடுக்கப் போனேன். அங்கேதான் பார்த்தேன். கம்பெனியின் பின்சுவரிலிருந்து ஒரு குழாய் ஏரிக்குள் தண்ணீரை விட்டுக்கொண்டிருந்தது. சுத்தமாகத்தான் தெரிந்தது. விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன். துப்பினேன். உள்ளே தண்ணீரை வடிகட்டும் மிஷின் நல்லதை எங்கள் கேனில் பிடித்துவிட்டு, உப்பையெல்லாம் திரட்டி ஏரிக்குக் கொடுத்துக்கொண்டிருந்தது. ஏரி உப்பானால் எங்கள் போர் உப்பாகும். போர் உப்பானால் இன்னும் கேன் வாங்குவோம். இன்னும் கேன் வாங்கினால் இன்னும் உப்பு ஏரிக்குப் போகும். கேனைத் தோளில் தூக்கிக்கொண்டு நடந்தபோது அந்த வட்டத்துக்குள் எங்கே கால் வைத்து வெளியே வருவது என்றே தெரியவில்லை.

ஏரி என்று சொல்கிறேன். அதற்குப் பெயர்ப்பலகை கிடையாது. பருத்திப்பட்டு ஏரிக்கு நடைபாதை, விளக்கு, படகு எல்லாம் வந்துவிட்டது. எங்கள் ஏரி ஆவடிக்கும் அண்ணனூருக்கும் இடையில் வீடுகளின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருப்பது. நாங்கள் குடிவந்த புதிதில் தண்ணீர் வருடம் முழுக்கக் கொல்லைச் சுவர்வரை நிற்கும். இப்போது மாசி பிறந்தாலே உள்ளே வாங்கிக்கொள்கிறது. வாங்கிய இடமெல்லாம் வெள்ளையாகப் பொரிந்து கிடக்கும். நடந்தால் அப்பளம்போல் நொறுங்கும். சித்திரையில் நடுவில் பச்சையாக ஒரு குட்டை, அவ்வளவுதான்.

அதற்கு "உப்பேரி" என்று பெயர் வைத்தவர் ஒரு ஷேர் ஆட்டோக்காரர். ஊரின் பழைய விவசாயக் குடும்பம். ஒரு காலத்தில் அந்த ஏரிப் பாய்ச்சலில் அவர்களுக்கு நெல் விளைந்தது. நிலத்தில் இப்போது வரிசையாக வாடகை வீடுகள். அவர் ஆட்டோ ஓட்டுகிறார், இரண்டு மாடும் வைத்திருக்கிறார். "உப்பேரிலாம் எறங்கு" என்று அவர் கத்திக் கத்தி அதுவே நிறுத்தத்தின் பெயராகிவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் தண்ணீர் ஓரத்தில் குனிந்து ஒரு கல்லை வைப்பதைப் பார்த்துவிட்டு மாட்டை விட்டுவிட்டு வந்தார்.

"இன்னா மாமே, பிளாட் போடுறியா?"

தண்ணீர் எவ்வளவு வேகமாகப் பின்வாங்குகிறது என்று பார்ப்பதற்காக வாரம் ஒரு கல் வைக்கிறேன் என்றேன்.

"பாத்து? வா வான்னு கூப்ட்டா வந்துடுமா? எங்க மாடே இத்த மோந்து பாத்துட்டுத் திரும்பிக்குது."

"ஏன் வத்துதுன்னு தெரிஞ்சா ஒரு நிம்மதி" என்றேன்.

"தெரிஞ்சா நிம்மதியா? உனக்கா?" என்று சிரித்துவிட்டுப் போனார்.

தெரிந்துகொள்ளாமல் என்னால் இருக்க முடியவில்லை. முதலில் டேங்கர் லாரிகளைத் திட்டினேன். பிறகு அடுக்குமாடிகளை. பிறகு வெயிலை. வெயிலைப் பற்றி மட்டும் சோதனை செய்து பார்க்க முடிந்தது. மொட்டை மாடியில் ஓர் அகன்ற அலுமினியத் தாம்பாளத்தில் ஏரித் தண்ணீரை ஊற்றி வைத்தேன். வற்ற வற்ற மறுபடி ஏரித் தண்ணீரையே ஊற்றினேன். விளிம்பில் வெள்ளை படர்ந்தது. மறுபடி ஊற்றினேன். வெள்ளை தடித்தது. உப்பு எங்கேயும் போகவில்லை. தண்ணீர் மட்டும் போய்க்கொண்டிருந்தது. பிறகு ஒரு சொம்பு மழைத்தண்ணீரை ஊற்றியதும் அந்த வெள்ளை கரைந்து, தாம்பாளம் பழையபடி ஆனது.

துணி காயப்போட வந்த மனைவி இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். "வத்தல் போடற எடத்துல உப்பளம் போட்டுகினு கீறான் பாரு. அந்தத் தாம்பாளம் எங்க அம்மா குடுத்தது."

தாம்பாளத்தைக் கழுவிக் கொடுத்துவிட்டேன். ஆனால் ஒரு கேள்வி தங்கிவிட்டது. வெயில் முன்பும் அடித்தது. அப்போது ஏன் ஏரி உப்பாகவில்லை? அப்படியென்றால் அப்போது வந்துகொண்டிருந்த ஏதோ ஒன்று இப்போது வரவில்லை.

ஐப்பசியில் அதற்குப் பதில் கிடைத்தது. காலையிலிருந்து மழை கொட்டித் தீர்த்தது. குடையை எடுத்துக்கொண்டு ஏரிக்குப் போனேன். அப்படி ஒரு மழைக்கு ஏரி பொங்கியிருக்க வேண்டாமா? நான் வைத்த கடைசிக் கல்கூட முழுகாமல் நின்றது. திரும்பி வந்து தெருவைப் பார்த்தேன். மேல்தெருக்களின் தண்ணீர் எல்லாம் எங்கள் தெரு வழியாக ஓடிவந்து, ஏரிக்கரை முனையில் முட்டி, மெயின் ரோடு பக்கம் திரும்பி ரயில்வே சுரங்கப்பாதையை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. ஏரிக்கரை முனையில் ஆட்டோக்காரர் வண்டிக்குள் கால் வைத்து உட்கார்ந்திருந்தார். சுரங்கப்பாதை முழுகிவிட்டதால் சவாரி இல்லை.

"இவ்ளோ தண்ணி போவுது, ஏரிக்கு ஏன் வரல?" என்று கேட்டேன்.

அவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார். "மாமே, வெளாட்றியா? நீங்கதானே மூடுனீங்க. தோ, நீ நிக்கிற எடத்துக்கு அடில பைப்பு கீது. இந்தத் தண்ணிலாம் அதுலதான் ஏரிக்குப் போவும்."

எனக்கு அந்தக் குழாயைத் தெரியும். தெருவில் எல்லாருக்கும் தெரியும். பெருவெள்ளம் வந்த வருடத்தில் மேலே ஓர் ஏரி நிரம்பி வழிந்து, அந்தத் தண்ணீர் எங்கள் ஏரிக்கு வந்து, ஏரி கரை மட்டத்துக்கு ஏறி, அந்தக் குழாய் வழியாகத் தெருவுக்குள் எதிர்த்து வந்தது. எங்கள் வீட்டில் ஜன்னல்வரை நின்றது. அண்ணாச்சி வீட்டு மாடியில் தெருவே உட்கார்ந்திருந்தது. தண்ணீர் வடிந்ததும் எல்லாரும் சேர்ந்து சிமெண்ட் கோணிகளில் இடிபாட்டை நிரப்பிக் குழாயின் வாயில் அடுக்கி அடைத்தோம். பாட்டுப் பாடிக்கொண்டுதான் அடைத்தோம். அதன் மேலேயே அடுத்த ரோடும் வந்துவிட்டது.

எங்களைப் பொறுத்தவரை அது ஏரி வீட்டுக்குள் வரும் வழி. ஏரிக்கு மழை போகிற வழியும் அதுதான் என்று தெருவில் ஒருத்தருக்குக்கூடத் தோன்றவில்லை. ஆட்டோக்காரருக்குத் தோன்றியிருக்கிறது. ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"உன் ஊட்ல ஜன்னல் வரிக்கும் தண்ணி. நான் வந்து தொறங்கடான்னா ஒதைக்க மாட்டீங்க?"

அன்று மாலை மனைவியிடம் சொன்னேன். அவள் உடனே, "அப்போ தொறந்துட வேண்டியதுதானே" என்றாள்.

"தொறந்தா ஏரி நம்ம ஊட்டுக்குள்ள வரும்."

"தொறக்கலன்னா உப்பு வரும். இப்போ உப்பு வந்துச்சு. ஏரி வரும்போது பாத்துக்கலாம்."

அவளால் இப்படிப் பேச முடிகிறது. நான் அந்த மாதம் முழுக்க முன்னறை ஜன்னலுக்குக் கீழே உட்கார்ந்து மாவு அரைத்தபடி அதையே அரைத்துக்கொண்டிருந்தேன். குழாய் மூடியே இருந்தால் ஏரி சாகும். அதோடு போரும், வியாபாரமும். திறந்தால் ஏரி பிழைக்கலாம், வீடு முழுகும். தெருவில் வேறு யாருக்கும் இந்தக் கணக்கு இல்லை. அவர்கள் எல்லாரும் ஜாக்கி மேல் நிற்கிறார்கள். தலைக்கு மேலே சக்கரங்கள் போய்க்கொண்டிருந்தன. முதுகுக்குப் பின்னால் சுவர், சுவருக்குப் பின்னால் ஏரி. வார்டு அலுவலகத்துக்குப் போய்ச் சொல்லலாமா என்று இரண்டு முறை சட்டையை மாட்டி, இரண்டு முறையும் கழற்றினேன். குழாயைத் திறந்துவிடுகிறோம் என்று அவர்கள் சொல்லிவிட்டால் என்ன செய்வது?

நான் போகாமலே அது எங்கள் வாசலுக்கு வந்தது. கோடையில் பாதாளச் சாக்கடை வேலைக்காகத் தெருவைத் தோண்டினார்கள். ஏரிக்கரை முனையில் ஜேசிபி மண்ணை வாரியபோது குழாயின் வாயும், அதில் திணித்த கோணிகளும் வெளியே தெரிந்தன. கோணி மக்கிப்போய், உள்ளிருந்த இடிபாடு மட்டும் இறுகிக் கிடந்தது. வேலையைப் பார்த்துக்கொண்ட சூப்பர்வைசர் பள்ளத்தின் ஓரத்தில் நின்று கூப்பிட்டார்.

"இத எடுக்கணுமா, உடணுமா? இதுக்கு மேல சிமெண்ட் ரோடு வருது. அப்புறம் ஆண்டவனே வந்தாலும் தோண்ட முடியாது. எடுத்தா, ரோட்டுச் சரிவ இந்தப் பக்கமா குடுத்துடுவோம். தெருக்காரங்க எல்லாம் பேசி நாளைக்குச் சொல்லுங்க. பின்னால எங்கள வந்து கேக்கக் கூடாது."

சாயங்காலம் அண்ணாச்சி வீட்டு வராந்தாவில் கூடினோம். கூடினோம் என்றால், அவர்கள் மேலே நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள், நானும் மனைவியும் ஆட்டோக்காரரும் கீழே தெருவில் நின்றோம். திறந்தால் சாக்கடைதான் ஏரிக்குப் போகும் என்றார் ஒருவர். இனிமேல் சாக்கடைக்குத் தனிக் குழாய் வருகிறதே, துவைக்கிற தண்ணீரை யாரும் தெருவில் விடாமல் இருந்தால் போதும் என்றாள் என் மனைவி. கேன் கம்பெனிக் குழாயையும் சாக்கடை லைனில் சேர்க்கச் சொல்ல வேண்டும் என்றாள். எல்லாருடைய போரும் கரிக்கிறது என்பது அன்றுதான் வெளியே வந்தது. அதுவரை ஒவ்வொருவரும் தன் வீட்டில் மட்டும்தான் என்று மறைத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். போர் உப்பு என்றால் வாடகைக்கு ஆள் வராதே.

கடைசியில் அண்ணாச்சி தொண்டையைச் செருமினார்.

"வளவளன்னு பேசி என்ன செய்ய? தெறந்தா நம்ம யாருக்கும் சேதமில்ல. பள்ளத்துல கெடக்கது இவரு வீடு ஒண்ணுதான். இவரு சரின்னா தெறப்போம். வேண்டாம்னா விட்டுருவோம். நீரே சொல்லும் வே."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நியாயமாகத்தான் பேசினார். அதுதான் தாங்கவில்லை. யாராவது ஒருத்தர் அநியாயமாகப் பேசியிருந்தால் கத்திவிட்டு வீட்டுக்குப் போயிருப்பேன். ஏரியும், அத்தனை வீட்டுப் போரும், ஆட்டோக்காரரின் மாடும் என் வாய்க்குள் வந்து உட்கார்ந்துகொண்டன.

"உங்களுக்கு இன்னா, மேல உக்காந்துகினு டீ குடிப்பீங்க" என்றேன். வராந்தாவில் ஒருவர் டம்ளரை மெதுவாகக் கீழே வைத்தார்.

மனைவி வாயைத் திறக்கவில்லை. அவள் எனக்காகப் பேசாத இடம் அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

பயத்திலேயே ஊறியவனுக்கு ஒரு சௌகரியம் உண்டு. எல்லா ஆபத்தையும் பல தடவை மனதுக்குள் நடத்திப் பார்த்திருப்பான். ஏரி ஏறும், குழாய்க்குள் வரும், படி இறங்கும், இதை அந்த மாதம் முழுக்கப் பார்த்திருந்தேன். ஒவ்வொரு தடவையும் மனதுக்குள் ஒரு தகட்டை இறக்கிக் குழாயை அடைத்துமிருந்தேன். பட்டறையில் தினமும் தகடு தள்ளியவனுக்கு வேறு என்ன தோன்றும்? அதைச் சொன்னேன். குழாய் வாயின் இரண்டு பக்கமும் தகட்டின் ஓரம் நுழைகிற இரும்புக் காடி வைத்து, நடுவில் ஏறி இறங்குகிற மாதிரி ஒரு தகடு. மேலே பிடி. ஏரி குழாய்க்குள் எதிர்த்து வந்தால் இறக்கிவிடலாம். மற்ற நேரம் திறந்தே இருக்கும்.

"அது சரி" என்றார் அண்ணாச்சி. "கொட்டுற மழையில அங்கன நின்னு எறக்குறது யாரு?"

ஆட்டோக்காரர்தான் என் தோளில் கை போட்டார்.

"இதெல்லாம் ஒரு கேள்வியா அண்ணாச்சி? வானம் மூடுனாலே வாசல்ல வந்து நிக்கிற ஆளு இந்த ஊர்ல ஒருத்தர்தான் கீறாரு."

வராந்தா முழுக்கச் சிரித்தது. நான் சரி என்று சொன்னதாக எனக்கு ஞாபகமே இல்லை. ஆனால் மறுநாள் ஜேசிபி அந்தக் கோணிகளைக் கவ்வி எடுத்தது. எஸ்டேட்டில் பழைய பழக்கத்தில் ஒரு வெல்டிங் கடையில் தகடும் காடியும் செய்து வாங்கினேன். தெருவே காசு போட்டது. சிமெண்ட் ரோடு வந்தது, சரிவு ஏரிக்கரை முனையைப் பார்த்து. வழக்கம்போல் பழைய ரோட்டைவிட உயரமாகத்தான் போட்டார்கள். எங்கள் வாசலில் இறங்க ஒரு படி கூடியது.

அந்த ஐப்பசியில் முதல் மழைக்கு நான் குடையோடு தகட்டுக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். தெருத்தண்ணீர் கலங்கலாக வந்து குழாய்க்குள் விழுந்தது. கரையின் அந்தப் பக்கம் போய் எட்டிப் பார்த்தேன். வெள்ளைப் பொருக்கின் மேல் பழுப்பாகப் பரவி, பொருக்கை நனைத்து, பிறகு மூடிக்கொண்டு போனது. ஆட்டோக்காரர் வண்டியை நிறுத்திச் சவாரிகளோடு சேர்ந்து வேடிக்கை பார்த்தார். "பாரு, குடிக்குது பாரு" என்றார். எனக்குச் சந்தோஷம் வந்தது. கூடவே, இது இப்படியே ஏறினால் என்ற எண்ணமும் வந்தது.

மழை தொடர்ந்தது. அடுத்தடுத்த நாட்களில் ஏரி குழாயின் அடிவரை ஏறிவிட்டது. பிறகு ஒரு மத்தியானம், வானம் கிழிந்ததுபோல் கொட்டியது. நான் ஸ்டூலில் இல்லை. தகட்டின் பிடியைப் பிடித்துக்கொண்டு முட்டிவரை தண்ணீரில் நின்றேன். குழாய்க்குள் விழும் ஓசை நின்றுவிட்டது. ஏரியின் மட்டமும் தெருத்தண்ணீரின் மட்டமும் ஏறக்குறைய ஒன்றாகிவிட்டன.

இறக்கிவிடலாம் என்று பிடியை அழுத்தப் போனபோதுதான், அத்தனை மாதம் பயந்தும் எனக்குத் தோன்றாத ஒன்று தோன்றியது. முன்பெல்லாம் தெருத்தண்ணீர் மெயின் ரோட்டுக்குப் போய்விடும். புதிய ரோடு அதை இந்த முனைக்குத் திருப்பிவிட்டிருந்தது. இப்போது தகட்டை இறக்கினால் ஏரி உள்ளே வராது. ஆனால் மேல்தெருக்களின் மழை முழுக்க இங்கேயே தேங்கி, முதல் பள்ளமான என் வீட்டுக்குள் போகும். இறக்காவிட்டால், இன்னும் கொஞ்சம் ஏறியதும் ஏரியே வீட்டுக்குள் போகும். இரண்டு தண்ணீருக்கும் நடுவில் ஒரு தகட்டைப் பிடித்துக்கொண்டு நான்.

போன் அடித்தது. பாலித்தீன் கவருக்குள் வைத்திருந்ததைக் காதில் அழுத்தினேன்.

"உள்ள வந்துடுச்சுய்யா" என்றாள் மனைவி.

"எவ்ளோ?"

"கணுக்கால்."

"தெருத்தண்ணியா, ஏரித்தண்ணியா?"

"இரு, பேரு கேட்டுச் சொல்றேன்" என்று கத்தினாள்.

"எறக்கட்டுமா?"

"என்னக் கேட்டா? நீதானே அங்க கீற. உனக்கு இன்னா தெரியுது?"

எனக்கு என்ன தெரிந்தது? குழாய் வாயின் முன்னால் நுரையும் குப்பையும் மிதந்துகொண்டிருந்தன. ஒரு பால் பாக்கெட் கவர். அது நின்ற இடத்திலேயே சுற்றிக்கொண்டிருந்தது. அது என் பக்கம் வந்தால் இறக்கிவிட வேண்டும் என்று முடிவு செய்தேன். வாழ்க்கையில் ஒரு முடிவை எடுத்து, அதை உடனே நான்கு பக்கமும் திருப்பிப் பார்க்காமல் விட்டது அப்போதுதான். கண்ணில் மழை வழிந்தது. துடைக்கக் கையில்லை. கவர் ஒரு சுற்று சுற்றியது. நின்றது. மெதுவாக, மிக மெதுவாக, குழாய் வாயை நோக்கி நகர்ந்தது. நுரையும் அதன் பின்னால் போனது.

தண்ணீர் இன்னும் ஏரிக்குத்தான் போய்க்கொண்டிருந்தது. என் வீட்டுக்குள் கணுக்கால் அளவு நிற்கும்போதே போய்க்கொண்டிருந்தது. போகிறவரை வழி விட வேண்டும்.

"எறக்கல" என்றேன். "இன்னும் போவுது. ஏறுனா எறக்குறேன். கிரைண்டர்..."

"கிரைண்டர அண்ணாச்சியும் நானும் தூக்கிக் கட்டில் மேல வெச்சிட்டோம். மனுசன் கீழ எறங்கி வந்து வேட்டிய மடிச்சுக் கட்டிகினு வாளியால எறைச்சுகினு கீறாரு." பின்னால் அண்ணாச்சி ஏதோ சொல்லும் சத்தம் கேட்டது. "இன்னாவோ டீ போடச் சொல்றாரு, இந்தத் தண்ணியில."

"நான் வரட்டுமா?"

"வந்து? நீ அங்கயே இரு."

போனை வைத்துவிட்டாள். நான் பிடியை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு அடுத்து மிதந்து வந்த ஒரு வாதாம் இலையைப் பார்த்தேன்.